கிதாரும் ஒரு கறுப்புப் பெண்ணும்: மெதுவாகப் பாடும் உரிமை பற்றி

(இளைஞர்களுக்கான இரண்டு நாள் கலைப் பயிற்சி முகாமில், இரண்டாம் நாள் மாலை பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பறை அடித்துக் கை காய்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் ஒருத்தன் எழுந்து, இங்கிலாந்தில் கிதார் வாசித்துக் காதல் பாட்டுப் பாடுகிற ஒரு பெண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், 'இது என்னய்யா வேண்டாத வேலை' என்று தோன்றும். தோன்றட்டும். அந்த எரிச்சலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே எரிச்சல் எனக்கும் இருந்தது. அதனால் ஒரு தப்புப் பண்ணினேன்.

இதே மாதிரி ஒரு முகாம். விடுதியில் தங்கி பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு, கையில் நோட்டோட வந்துச்சு. 'தோழர், பாட்டு நானே எழுதினது, மெட்டும் நான்தான்' என்றது. பாடச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் தினமும் பார்க்கிற ஒருத்தனைப் பற்றிய பாட்டு. பறை கிடையாது, கோரஸ் கிடையாது, சாதி என்ற சொல்லே கிடையாது. தனக்குள்ளே பேசிக்கொள்கிற மாதிரி, ரொம்ப மெதுவாகப் பாடிச்சு. முடிந்ததும் நான் கேட்டேன்: 'நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுல பிரச்சனை எங்க இருக்கு? சேரி எரியுது, நீ பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவனைப் பாடுற?' எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பொண்ணும் சிரிச்சுச்சு. நோட்டை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மறுநாள் மேடையில் எங்களோடு நின்று நன்றாக முழங்கியது. அந்தப் பாட்டை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்த நோட்டுக்கு நான் பட்ட கடன்.

கறுப்பின மக்களோடு நமக்குள்ள உறவு புதிதல்ல. அமெரிக்கக் கறுப்பினத்தார் ஐக்கிய நாடுகள் அவைக்குத் தயாரித்த மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதன் பிரதி வேண்டுமென்று 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸ் பதிலும் போட்டார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் எழுந்தபோது, அந்தப் பெயரே கருஞ்சிறுத்தைகளிடமிருந்து வந்தது. கறுப்பர்களிடமிருந்து நாம் கோபத்தை எடுத்துக்கொண்டோம், முழக்கத்தை எடுத்துக்கொண்டோம், தன்வரலாற்றையும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் சரிதான். ஆனால் அவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. ஒற்றைக் கிதார், ஒற்றைக் குரல், ஓர் ஆள் இன்னோர் ஆளிடம் பேசுகிற பாட்டு. அதை நாம் கண்டுகொள்ளவே இல்லை.

அப்படிப் பாடியவர்களில் ஒருவர் ஜோன் ஆர்மட்ரேடிங். 1950ஆம் ஆண்டு டிசம்பரில் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ் தீவில், பாஸ்டெர் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தச்சர். ஆறு பிள்ளைகளில் இவர் மூன்றாவது.

* * *

முதலில் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் பாட்டுப் புரியாது.

செயின்ட் கிட்ஸ் ரொம்பச் சின்னத் தீவு. இன்றைக்கும், பக்கத்துத் தீவான நெவிஸையும் சேர்த்து, அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 50,000தான். கரீபியனில் ஆங்கிலேயர்கள் முதலில் குடியேற்றம் அமைத்துத் தங்கியது இங்கேதான், 1624இல். பிறகு தீவு முழுக்கக் கரும்பு. கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். தோட்டக் கணக்குப் புத்தகத்தில் மாடு, குதிரை, செப்புக் கொப்பரை, அடுத்த வரியில் மனிதர்கள். பெயர், வயசு, விலை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அடிமை முறை உழைப்பை மட்டும் திருடவில்லை. அடிமைகள் செய்துகொண்ட கல்யாணத்துக்கு எசமானின் சட்டம் மதிப்புக் கொடுக்கவில்லை. புருஷனை ஒரு தோட்டத்துக்கும் பெண்டாட்டியை இன்னொரு தோட்டத்துக்கும் விற்கலாம். பெற்ற குழந்தை எசமானின் சொத்துக் கணக்கில் ஏறும். அதாவது, 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்று ஒரு அடிமை இன்னொரு அடிமையிடம் சொன்னால், அந்த இரண்டு பேருமே தங்களுக்குச் சொந்தமில்லாத பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் சட்டத்தின் நிலை. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த ஒருத்தி காதலைப் பற்றிப் பாடுவதை 'வெறும் காதல் பாட்டு' என்று சொல்ல முடியுமா?

1834இல் பிரிட்டிஷ் பேரரசு அடிமை முறையை ஒழித்ததாகச் சொல்லிக்கொண்டது. இழப்பீடாக 2 கோடி பவுன் ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கு இல்லை, எசமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015இல்தான் அடைக்கப்பட்டது என்று பிரிட்டிஷ் நிதித்துறையே சொன்னது. அதாவது கரீபியனிலிருந்து போய் பிரிட்டனில் வேலை செய்து வரி கட்டிய கறுப்பர்களும் அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள். விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் இன்னும் சில வருஷம் அதே தோட்டத்தில் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்று விதித்தார்கள். செயின்ட் கிட்ஸ் மக்கள் 'விடுதலைன்னா விடுதலை, அதுல என்ன அரைகுறை' என்று 1834 ஆகஸ்டில் வேலைக்குப் போக மறுத்தார்கள். இராணுவச் சட்டம் போட்டுத்தான் அடக்கினார்கள். 100 வருஷம் கழித்து, 1935 ஜனவரியில், கரும்புத் தொழிலாளர்கள் கூலி கேட்டு நின்றார்கள். பக்லீஸ் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் செத்தார்கள். ஜோன் பிறந்தது அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து.

கூலி இல்லாத தீவிலிருந்து சனங்கள் கப்பல் ஏறினார்கள். இரண்டாம் உலகப்போரில் நொறுங்கிப்போன பிரிட்டனுக்குக் கை வேண்டியிருந்தது. ஜோனுக்கு மூன்று வயசாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் மூத்த இரண்டு பையன்களை மட்டும் கூட்டிக்கொண்டு பர்மிங்ஹாம் போனார்கள். இவரைப் பாட்டியிடம் ஆன்டிகுவா தீவுக்கு அனுப்பினார்கள். நான்கு வருஷம் கழித்து, 1958இல், ஏழு வயசில் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். கரீபியன் குடும்பங்களில் இது சாதாரணம். முன்பு எசமான் பிரித்தான், பிறகு கூலி பிரித்தது.

* * *

பர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் வேலை கொடுக்கும், வீடு கொடுக்காது. பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் 1964 பொதுத்தேர்தலில் ஒரு வேட்பாளர் நிறவெறிப் பிரச்சாரத்தின் மேல் சவாரி செய்தே ஜெயித்தார். அங்கே ஒரு தெருவில் காலியாகும் வீடுகளை வெள்ளையருக்கு மட்டும் ஒதுக்க நகரசபையே திட்டம் போட்டது. பப்களில் நிறத்தடை. இந்தியத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் அழைத்துத்தான் 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் வந்து நடந்தார். அடுத்த ஒன்பதாவது நாள் நியூயார்க்கில் அவரைக் கொன்றார்கள். 1968 ஏப்ரல் 20 அன்று ஈனாக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிரான தன் நச்சுப் பேச்சைப் பேசியதும் இதே பர்மிங்ஹாமில்தான். ஜோனுக்கு அப்போது பதினேழு வயசு.

வீட்டில் அப்பாவிடம் ஒரு கிதார் இருந்தது. இளம் வயசில் இசைக்குழுவில் வாசித்தவர். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது. ஜோன் கையில் படாமல் ஒளித்து வைப்பார். அம்மா ஒரு பியானோ வாங்கிப் போட்டார், வாசிக்க இல்லை, கூடத்துக்கு அழகாக இருக்கும் என்று. அந்தப் பியானோவில் பதினான்கு வயசில் இந்தப் பெண் தானாகவே பாட்டுக் கட்ட ஆரம்பித்தது. பிறகு அடகுக் கடையில் ஒரு கிதாரைப் பார்த்தார். விலை 3 பவுன். அம்மாவிடம் பணம் இல்லை. வீட்டில் கிடந்த இரண்டு பழைய குழந்தைத் தள்ளுவண்டிகளைக் கொடுத்து அந்தக் கிதாரை வாங்கித் தந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே கற்றுக்கொண்டார்.

பதினைந்து வயசில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். அலுவலகத்துக்குக் கிதாரையும் தூக்கிக்கொண்டு போய் டீ இடைவேளையில் வாசித்தார். அதனால் வேலை போனது. தோழர்களே, இது வேடிக்கைக் கதையில்லை. உழைக்கிற நேரம் முதலாளிக்கு என்றால், டீ குடிக்கிற பத்து நிமிஷமாவது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்தக் கிதாருக்குள் இருந்தது.

இனி இசைக்கு வருவோம். கரீபியனிலிருந்து வந்தவர் பாடினால் என்ன பாட வேண்டும் என்று பிரிட்டனில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. கலிப்சோ பாடிச் சிரிக்க வைக்கலாம். ரெகே பாடி ஆட வைக்கலாம். இல்லையென்றால் அமெரிக்கக் கறுப்பர் போல சோல் பாடலாம். தனிக் கிதாரோடு உட்கார்ந்து மனசுக்குள் நடப்பதைப் பாடுகிற வடிவம், ஃபோக் என்று சொல்வார்களே, அது வெள்ளையர்களின் வீட்டுக் கூடமாக இருந்தது. நம்ம ஊரிலும் இந்தப் பங்கீடு உண்டுதானே? கச்சேரி ஒருத்தருக்கு, மெல்லிசை ஒருத்தருக்கு, சாவுக்கு அடிக்கிற கொட்டு நமக்கு. ஜோன் அந்தக் கூடத்துக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தார். நுழையும்போது தன்னுடையதை வெளியே விட்டுவிட்டும் போகவில்லை. கறுப்பர்களின் தேவாலயத்திலிருந்து வந்த சோல் இசையின் கனமும், தீவின் தாளத் தட்டலும் அந்தக் கிதாருக்குள் வந்தன. ஃபோக் என்றும் சொல்ல முடியாது, சோல் என்றும் சொல்ல முடியாது. கடைக்காரர்களுக்கு எந்த அலமாரியில் அடுக்குவது என்று தெரியாத இசை.

1970இல் ஒரு இசை நாடகக் குழுவில் பாம் நெஸ்டர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் கயானாவில் பிறந்தவர். கயானா என்றதும் நமக்கு ஒரு உறவு நினைவுக்கு வர வேண்டும். அடிமை முறை ஒழிந்த பிறகு அதே கரும்புத் தோட்டங்களுக்கு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டவர்களில் நம் மக்களும் உண்டு. கயானாவின் மாரியம்மன் வழிபாட்டில் இன்றும் அடிக்கிற கருவிக்குப் பெயர் 'தப்பு'. அந்தத் தோட்டங்களின் கதையில் நம் சதையும் இருக்கிறது.

ஜோனும் பாமும் சேர்ந்து பாட்டுக்கள் எழுதினார்கள். 1972இல் முதல் இசைத்தட்டு வந்தது. பாடியவர் என்று ஜோனை மட்டும் முன்னிறுத்தினார்கள். பாம் நெஸ்டர் பெயர் எழுதியவர் பட்டியலோடு நின்றது. கூட்டு உடைந்தது. இரண்டு கறுப்புப் பெண்கள் சேர்ந்து செய்த வேலையைச் சந்தை ஒருத்தியின் முகமாக்கித்தான் விற்கும். இதைச் சொல்லாமல் ஜோனைக் கொண்டாடினால் அது நேர்மையாக இருக்காது.

* * *

1976இல் வந்த மூன்றாவது இசைத்தட்டு அவருடைய பெயரிலேயே வந்தது. தயாரித்தவர் கிளின் ஜான்ஸ். அதிலிருந்து 'லவ் அண்ட் அஃபெக்‌ஷன்' என்ற பாட்டு அந்த வருஷம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. பிரிட்டனில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிதார் வாசித்துப் பாடி இந்த அளவுக்கு வந்தது அதற்கு முன் ஏறக்குறைய இல்லை.

அந்தப் பாட்டு எப்படி இருக்கும்? தொடக்கத்தில் கூட்டமே கிடையாது. குரலும் கிதாரும் மட்டும். குரல் கனமானது. பெண் குரல் எவ்வளவு கீழே இறங்குமோ அவ்வளவு கீழிருந்து வரும். கூவாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வரும். கிதாரை அவர் தாளக் கருவி போலவும் கையாள்கிறார். கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைப் பிடித்து நடக்கும், மற்ற விரல்கள் நடுவில் வெட்டி வெட்டி அடிக்கும். ஒரே ஆள் ஒரு குழுவாக இருக்கிற வாசிப்பு. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற வாத்தியங்கள் சேரும். ஓர் ஆணின் ஆழமான அடிக்குரல் ஒன்று கீழிருந்து பதில் சொல்லும். சாக்ஸஃபோன் வரும். எல்லாம் சேர்ந்து உயர்ந்தாலும் நடுவில் இருக்கிற அந்தப் பெண் அவசரப்படவே மாட்டாள். அந்தப் பாட்டில் காதலில் உருகிக் கிடக்கிற பெண் இல்லை. யோசிக்கிற பெண் இருக்கிறாள். வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கிற பெண். கேட்கிறவனின் சம்மதத்துக்காக அவள் நிற்கவில்லை, அவளுடைய சம்மதத்துக்காகத்தான் பாட்டே காத்திருக்கிறது.

அதே 1976இல், ஆகஸ்ட் 5ஆம் தேதி, அதே பர்மிங்ஹாமில் இன்னொன்று நடந்தது. கிதார் மன்னன் என்று உலகமே கொண்டாடிய எரிக் கிளாப்டன் மேடையில் நின்றுகொண்டு, ஈனாக் பவலை ஆதரித்தும், வந்தேறிகளை வெளியேற்றச் சொல்லியும் பேசினார். கறுப்பர்களின் ப்ளூஸ் இசையில் வாழ்ந்தவர் அவர். இரண்டு வருஷத்துக்கு முன் பாப் மார்லியின் பாட்டைப் பாடித்தான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். இசை வேண்டும், ஆள் வேண்டாம். பிற்காலத்தில் அவர் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சு பலருக்குச் செருப்படியாக விழுந்தது. அதை எதிர்த்து எழுந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஸ்டீல் பல்ஸ் என்ற கறுப்பின ரெகே குழு கிளம்பியது. தங்கள் பகுதியின் பெயரோடு புரட்சி என்ற சொல்லைச் சேர்த்து 1978இல் இசைத்தட்டு போட்டார்கள். அது முழக்கம், தேவையான முழக்கம். நான் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் ஒரு வெள்ளைக் கிதார்க்காரர் 'இந்த நாடு உங்களுடையதில்லை' என்கிறார். அக்டோபரில் அடகுக் கடைக் கிதாரில் கற்றுக்கொண்ட கறுப்புப் பெண்ணின் குரல் அந்த நாட்டின் வானொலியில், வெள்ளைக்காரர்களின் சமையலறையில், படுக்கையறையில், காருக்குள் ஒலிக்கிறது. அவர் சண்டைக்கும் போகவில்லை, இரக்கமும் கேட்கவில்லை. தன் மனசைப் பற்றிப் பேசுகிறார். கறுப்புத் தோலுக்குள் இத்தனை அறைகள் உள்ள ஒரு மனசு இருக்கிறது என்பதை நிறவெறி ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது. அது ஒத்துக்கொள்ளாத அந்த இடத்தில்தான் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார்.

முழக்கமும் மெல்லிய குரலும் எதிரிகள் என்று நினைப்பவர்களுக்கு பாப் மார்லியின் கடைசிக் காலத்தைச் சொல்கிறேன். டிரம்ஸையும் பேஸையும் வைத்து உலகத்தையே ஆட்டிய மனிதர். உடம்பில் புற்றுநோய். 1980இல், அவர் உயிரோடு இருக்கும்போது வந்த கடைசி இசைத்தட்டின் கடைசிப் பாட்டு 'ரிடெம்ப்ஷன் சாங்'. அதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். மார்கஸ் கார்வி 1937இல் கனடாவில் பேசிய பேச்சிலிருந்து, மன அடிமைத்தனம் பற்றிய கருத்தை எடுத்து அதில் வைத்தார். 1981 மே மாதம் மார்லி இறந்தார். அவர் பாட்டுக்களிலேயே மிக அரசியலானதை மிகவும் மெதுவாகத்தான் பாடினார்.

* * *

இப்போது உங்கள் மனசில் ஓடுகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

'தோழர், அந்தம்மா தன்னை ஒரு போராளின்னு சொல்லிக்கிட்டதே இல்லையே?' உண்மை. அவர் மேடையில் அரசியல் பேசுகிறவர் இல்லை. பிரிட்டிஷ் பேரரசின் பெயராலேயே வழங்கப்படும் விருதுகளை 2001இலும் 2020இலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அது உறுத்துகிறது. அடிமைக் கப்பல் ஓட்டிய பேரரசின் பெயரில் உள்ள பதக்கம் அது. வேண்டாம் என்று மறுத்த கறுப்பினக் கலைஞர்களும் இருக்கிறார்கள். அதே ஜோன்தான் 1988இல் மண்டேலா சிறையிலிருந்தபோது, அவருடைய 70ஆவது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளியில் நடந்த கச்சேரியில் பாடினார். மண்டேலாவுக்காகப் பாட்டும் எழுதினார். மனிதர்கள் ஒரே வரியில் அடங்க மாட்டார்கள். அவரைத் தலைவராக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பாட்டைக் கேளுங்கள் என்கிறேன்.

அந்த வெம்ப்ளி மேடையில்தான் ட்ரேசி சாப்மன் என்ற இளம் கறுப்பின அமெரிக்கப் பெண்ணும் பாடினார். ஏற்கெனவே பாடி முடித்திருந்தவரை, இன்னொருவரின் கருவியில் கோளாறாகி மேடை காலியானபோது மறுபடி அனுப்பினார்கள். 70,000 பேருக்கு மேல் நிறைந்த மைதானத்தில் ஒற்றைக் கிதாரோடு வறுமையைப் பாடினார். மைதானம் அடங்கிக் கேட்டது. கறுப்புப் பெண், தனிக் கிதார், தன் பாட்டு என்ற அந்த வழியில் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே ஜோன் நடந்திருந்தார்.

அடுத்த கேள்வி: 'இதெல்லாம் தனிமனிதவாதம்தானே?' இதில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜோன் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. தன் பாட்டுக்களில் பெரும்பாலானவை தன்னைப் பற்றியவை இல்லை, தான் கவனித்த மனிதர்களைப் பற்றியவை என்பார். பாட்டில் வரும் 'நான்' அவர் இல்லை. கட்டப்பட்ட ஒரு தன்னிலை. பல பாட்டுக்களில் 'நீ' ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தன் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எத்தனை குடைந்தாலும் கதவைத் திறக்க மாட்டார். நானும் இங்கே அதைத் தோண்டப்போவதில்லை. பாட்டில் அத்தனை நெருக்கம், வாழ்க்கையில் அத்தனை பூட்டு. நெருக்கம் என்பது அவர் செய்கிற கலை, அவர் கொடுக்கிற வாக்குமூலம் இல்லை.

இது நமக்கு ஏன் முக்கியம்? நம் எழுத்தை ஆதிக்க சாதி விமர்சகன் எப்படிப் படிக்கிறான்? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்ததிலிருந்து பார்க்கிறோம். 'அனுபவம் அப்படியே இருக்கு, ரத்தமும் சதையுமா இருக்கு' என்பான். பாராட்டுத்தான். ஆனால் அதற்குள் ஒரு முள் இருக்கிறது. அனுபவம் உங்களுக்கு, கலை எங்களுக்கு. நீங்கள் அழுங்கள் அல்லது கத்துங்கள், கற்பனை செய்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒடுக்கப்பட்டவனுக்கு இரண்டே இரண்டு குரல்தான் ஒதுக்கப்படுகிறது. ஒன்று முழக்கம், இன்னொன்று சாட்சியம். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் மறைக்கக் கூடாது, கற்பனை செய்யக் கூடாது, கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஜோன் அந்தக் கூண்டில் ஏற மறுத்தார். ஒரு கறுப்புப் பெண் தான் அல்லாத ஒரு 'நானை'க் கற்பித்துப் பாடலாம், காதலைப் பாடலாம், தன்னுடையதை மறைத்தும் வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் எப்போதும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிற சனத்துக்கு, மறைத்து வைத்துக்கொள்கிற உரிமை சின்ன உரிமையா?

அன்றைக்கு முகாமில் நான் அந்தப் பொண்ணுக்கு என்ன செய்தேன் என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஆதிக்க சாதி விமர்சகன் செய்ததையே செய்தேன். உனக்கு ஒதுக்கிய குரலில் பாடு என்றேன். அவன் வெளியிலிருந்து சொன்னான், நான் உள்ளேயிருந்து சொன்னேன். அதுவும் எந்த ஊரில்? சாதி மாறிக் காதலித்தால் தண்டவாளத்தில் பிணமாகக் கிடக்கிற ஊரில். ஒரு தலித் பெண் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தனைப் பார்த்து 'இவனை எனக்குப் பிடித்திருக்கிறது' என்று தானே முடிவு செய்து பாடுகிறாள். 'இதுல பிரச்சனை எங்கம்மா இருக்கு' என்று கேட்ட என் மண்டையில்தான் பிரச்சனை இருந்தது.

போன வருஷம் அவரை ஒரு கூட்டத்தில் பார்த்தேன். இப்போது வேலையில் இருக்கிறார். 'அந்த நோட்டு இருக்காம்மா?' என்று கேட்டேன். 'எந்த நோட்டு, தோழர்?' என்றார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 'அதெல்லாம் எங்கயோ போச்சு, தோழர். அதுக்கப்புறம் நான் எழுதல' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால் ஒரு யோசனையை முன்வைக்கிறேன். இனி நம் முகாம்களில் ஒவ்வொரு நாளும் இரவு அரைமணி நேரம் ஒதுக்குவோம். பறை ஓரமாக இருக்கட்டும், மைக் வேண்டாம். யார் வேண்டுமானாலும் தான் எழுதியதைப் பாடலாம். எதைப் பற்றி என்று யாரும் கேட்கக் கூடாது. 'இதில் அரசியல் எங்கே' என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான், நிறுத்துவதையும் நானே ஆரம்பிக்கிறேன். பறையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் வெளியே போய்ச் சொல்லாதீர்கள். நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு மறுபடி பறைதான், யாரும் தப்பிக்க முடியாது.

ஜோனைப் பற்றி இன்னும் ஒன்றிரண்டு செய்திகள் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பதினைந்து வயசில் பள்ளியை விட்டவர், ஐம்பது வயசில், 2001இல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வரலாற்றில் பட்டம் வாங்கினார். படிப்பை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2007இல் அவர் போட்ட ப்ளூஸ் இசைத்தட்டு அமெரிக்க ப்ளூஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது. 2023 நவம்பரில் அவர் எழுதிய முதல் சிம்பொனியை லண்டனில் சினேகே என்ற இசைக்குழு அரங்கேற்றியது. கறுப்பினக் கலைஞர்களுக்காகவும் பிற சிறுபான்மை இனக் கலைஞர்களுக்காகவும் 2015இல் தொடங்கப்பட்ட சேர்ந்திசைக் குழு அது. தொடக் கூடாது என்று அப்பா ஒளித்து வைத்த கிதாரில் ஆரம்பித்து, முழு சேர்ந்திசைக் குழு வரைக்கும் வந்திருக்கிறார். எந்த அறைக்குள்ளும் யாரிடமும் கேட்டுவிட்டு அவர் நுழையவில்லை.

இப்போது அந்தப் பாட்டைப் போடப்போகிறேன். நாலரை நிமிஷம் ஓடும். இங்கிலீஷ் புரியலைன்னா பரவாயில்லை, அர்த்தத்தை அப்புறம் பேசிக்கலாம். முதல் முறை குரலை மட்டும் கேளுங்க. அது எவ்வளவு கீழே இறங்குது, எங்கே காத்திருக்குதுன்னு பாருங்க. அதுக்கப்புறம் யாராவது பாடணும்னா பாடலாம். நோட்டு கொண்டு வந்திருக்கிறவங்க இருப்பீங்க, எனக்குத் தெரியும்.

அந்த ஃபேனை யாராவது நிறுத்துங்க தோழர், சத்தமா இருக்கு.